பழைய ஆர்80 பைக்: 3000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை செத்துப்போகிறது, 4500-ல் மறுபடி உயிர் வருகிறது

கடற்கரை80, டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1986 பிஎம்டபிள்யூ ஆர்80, மோனோலீவர் (பின் சக்கரத்தை ஒரே கை தாங்குகிற மாடல்). ஜோஹன்னஸ்பர்க் பக்கம் பெனோனியில் ஒரு வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்ததை எட்டு மாதம் முன்பு வாங்கி, பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், ஏற்றி டர்பனுக்குக் கொண்டு வந்தேன். டேங்கைக் கழுவினேன், பேட்டரி, பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் எல்லாம் புதுசு, கார்புரேட்டர் கிண்ணங்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், வால்வு இடைவெளி இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. என்று குளிர்ந்த இஞ்சினில் வைத்தேன்.

முதல் தடவையிலேயே பற்றுகிறது, ஐடிலிங் 1000 ஆர்பிஎம்மில் அசையாமல் நிற்கிறது, 3000 வரை ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல்தான் வினை. சுமார் 3200-லிருந்து 4300 வரை கையை முறுக்கினால் சத்தம் மட்டும் கனக்கிறது, வண்டி முன்னே போக மாட்டேன் என்கிறது. 4500-ஐத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி பாய்கிறது. சமதளத்தில் ஒருவாறு சமாளிக்கலாம். பைன்டவுனிலிருந்து க்ளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில், அதுதான் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்கள் மூச்சு வாங்க ஏறும் அதே மேடு, ஐந்தாவது கியரில் போனால் பின்னால் வருகிற லாரி முதுகில் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கார்ப்பும் போய்விட்டது, புதுசு போடு என்றார்கள். அவர்கள் சொன்ன விலை இந்த வண்டிக்கு நான் கொடுத்த விலையில் பாதி. அதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

மலைச்சாலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அண்ணே, என் ஓட்டு காயிலுக்கும் பிளக் வயருக்கும்தான். முப்பது வருடத்துக்கு மேலான வயர், ஈரக் காற்று அடிக்கிற ஊர். சுமை ஏறும்போது பொறி பிளக்கில் விழாமல் வெளியே குதிக்கும். இருட்டில் வண்டியை ஓடவிட்டு வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், நீலமாகப் பொறி ஓடினால் வயர்தான்.

இன்னொன்று, அங்கே என்ன பெட்ரோல் போடுகிறீர்கள்? பெனோனியில் 93 ஆக்டேன் குடித்துப் பழகிய வண்டி, கடற்கரையில் 95 குடிக்கிறது. அதனால் இருக்குமா?

க்யூர்பீப்125, மொரிஷியஸ்

என்னுடையது பழைய 125 டூ ஸ்ட்ரோக். போர்ட் லூயியிலிருந்து மேலே க்யூர்பீப் வரும்போது இதே தொல்லைதான், நடுவில் இழுவை இருக்காது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கரி அப்பிக் கிடந்தது. எரித்துச் சுரண்டி எடுத்த பிறகு சரியாகிவிட்டது. செலவில்லாத வேலை, முதலில் அதைப் பாருங்கள்.

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

கடற்கரைத் தம்பிக்கு: எதையும் வாங்க வேண்டாம். கார்ப் முழுசாகப் போய்விட்டது என்று சொல்கிறவர் அதைத் திறந்து பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்த வண்டியில் இருக்கிற பிங் கம்பெனிக் கார்ப்பில் தேய்கிற சாமான் நாலைந்துதான், ஒவ்வொன்றும் தனியாகக் கிடைக்கும்.

க்யூர்பீப் தம்பி சொன்னது டூ ஸ்ட்ரோக்குக்கு நூற்றுக்கு நூறு சரி, அதில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் கரி பிடிக்கும். இது ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் குடிக்காத வண்டியென்றால் சைலன்சர் அப்படி அடைக்காது. எலி, குளவிக் கூடு கட்டியிருந்தால் தவிர. மூடிக் கிடந்த வண்டி என்பதால் ஒரு தடவை கையை வைத்து இரண்டு பக்கமும் புகை சமமாக அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்ரோல் விஷயம் வேண்டாம். இந்த இஞ்சினின் கம்ப்ரஷன் 8.2-க்கு 1, அதற்கு 93-ம் ஒன்றுதான் 95-ம் ஒன்றுதான்.

காயில், வயர் இருக்கலாம். ஆனால் அது போனால் வெட்டி வெட்டி ஓடும், துமுக் துமுக் என்று அடிக்கும். நீங்கள் எழுதியதில் வெட்டு இல்லை, சோர்வுதான் இருக்கிறது. அப்படித்தானே? அதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தச் சோர்வு ஆர்பிஎம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, சுமையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? எந்த கியராக இருந்தாலும், மேடோ பள்ளமோ, டாக்கோவில் (ஆர்பிஎம் காட்டும் மீட்டரில்) அதே எண்ணில் வந்தால் இக்னிஷன், அல்லது வால்வு டைமிங் பக்கம் போக வேண்டும். ஒரே 3500-ல் சமதளத்தில் லேசான கையோடு போகும்போது நன்றாக ஓடி, மேட்டில் முறுக்கும்போது மட்டும் சாகிறது என்றால் பெட்ரோல் பக்கம். கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது கியர்களில் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். ஓட்டுகிறபோது எழுத வேண்டாம், நிறுத்தி எழுதுங்கள்.

மலைச்சாலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஐயா, ஒரு சந்தேகம். டேப் ஒட்டுவது பழைய வண்டிகளுக்கு, அதாவது கையை முறுக்கினால் கேபிள் நேராக ஸ்லைடைத் தூக்குகிற கார்ப்புக்கு. இது சிவி கார்ப். கைப்பிடி பட்டாம்பூச்சித் தகட்டைத்தான் திறக்கிறது, ஸ்லைடைத் தூக்குவது இஞ்சின் இழுக்கிற காற்று. அரைவாசி முறுக்கியிருந்தால், ஸ்லைடில் தொங்கிப் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற ஊசி அரைவாசி ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாதே?

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

சரியாகப் பிடித்தீர்கள், நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். சிவியில் டேப் கோடு ஒரு துணைக் கணக்குதான். அதனால்தான் சுமையைக் கேட்டேன். ஒரே ஆர்பிஎம், இரண்டு விதமான சுமை, இந்தச் சோதனை எந்தக் கார்ப்புக்கும் பொய் சொல்லாது.

கடற்கரை80, டர்பன்

இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். வெட்டு இல்லவே இல்லை, சோர்வுதான். இரண்டு சைலன்சரிலும் புகை சமம். இரவில் வயருக்குத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், ஒரு பொறியும் இல்லை.

மூன்றாவது கியர், எம்4 சாலையில் உம்லாங்கா பக்கம் சமதளம், லேசான கை, 3500: பட்டுப் போல ஓடுகிறது. அதே 3500, ஐந்தாவது கியர், ஃபீல்ட்ஸ் ஹில்: செத்துவிட்டது. நாலாவது கியரில் அதே மேட்டில் 4000: சோர்வு உண்டு, ஐந்தாவதை விடக் குறைவு. ஐந்தாவது கியரில் 2800-லேயே முழுசாக முறுக்கினால் அப்போதும் அதே சோர்வு, டாக்கோ எண் மாறினாலும் கூடவே வருகிறது. இரண்டாவது கியரில் சடாரென்று முறுக்கினால் இருப்பதே தெரியாமல் தாண்டிவிடுகிறது.

அப்படியென்றால் சுமைதானே? கார்ப்தான் என்று சொன்ன பட்டறைக்காரர் ஜெயித்துவிட்டாரா?

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

கார்ப் என்று சொல்வதும் கார்ப்பில் என்ன என்று சொல்வதும் வேறு வேறு. பெரும்பங்கு பெட்ரோல் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, பெட்ரோல் கூடுதலா குறைச்சலா.

இதற்கு வண்டியிலேயே கருவி இருக்கிறது, சோக். வண்டி நன்றாகச் சூடான பிறகு, பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து மேட்டில் அந்தச் சோர்வுக்குள் போய், சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். பிங்கில் சோக் என்பது காற்றை அடைப்பதில்லை, தனி வழியாகக் கூடுதல் பெட்ரோலைக் கொடுப்பது. இழுத்ததும் வண்டி தெளிந்தால் நடு ஓட்டத்தில் பெட்ரோல் குறைச்சல். இன்னும் மூச்சு முட்டினால் கூடுதல். சோர்வின் குணத்தையும் கவனியுங்கள். குறைச்சல் என்றால் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மோசமாக இருக்கும், சூடாகச் சூடாகச் சற்றுத் தேவலை, மேட்டில் சில சமயம் கிணுகிணுவென்று தட்டும். கூடுதல் என்றால் நேர்மாறு, காலையில் நன்றாக ஓடும், மத்தியானம் திணறும், சைலன்சர் வாயில் கரி, பெட்ரோல் வாசனை.

பிளக் நிறத்தை நம்பி முடிவு கட்ட வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் பிளக்கைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். 2006-லிருந்து இங்கே ஈயம் இல்லை, இப்போது பிளக் எதையும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

கடற்கரை80, டர்பன்

சோக் இழுத்ததும் தெளிந்தது. முழுசாக இல்லை, ஆனால் ஐந்தாவதில் 3500-ல் தோள் கொடுத்துத் தள்ளின மாதிரி உடனே தெரிந்தது. காலையில்தான் அதிகச் சோர்வு என்பதும் சரி.

இதில் இன்னொன்றும் கிடைத்தது. சனிக்கிழமை ஹாரிஸ்மித்தில் மாமா வீட்டு விசேஷம், வண்டியிலேயே போனேன். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏற ஏறச் சோர்வு இளைத்துக்கொண்டே வந்தது. ஹோவிக் தாண்டும்போதே வித்தியாசம் தெரிந்தது, வேன் ரீனன் கணவாய் உச்சியில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மொத்த வலு குறைந்துவிட்டது, அது உயரத்தால் என்று தெரியும். ஆனால் அந்தக் குழி இல்லை. திரும்பி இறங்கும்போது மறுபடி ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. இது சாத்தியமா, மனப்பிரமையா?

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

பிரமை இல்லை, இதைவிட நல்ல சோதனையை யாரும் காசு கொடுத்தும் செய்ய முடியாது. எங்கள் ஊர் கிட்டத்தட்ட 1600 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஜெட்டும் (பெட்ரோல் வருகிற துளை) ஊசியும் அதேதான், காற்று மெலிகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. பெட்ரோல் காற்று அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு போகிறது, அதனால் கடல்மட்டத்துக்குச் சரியாக வைத்த வண்டி இங்கே வந்தால் பத்துக்கு ஒன்று போலப் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சிவி கார்ப் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், முழுசாகத் தாங்காது. கடற்கரையில் பெட்ரோல் குறைச்சலாக இருக்கிற வண்டி மேலே ஏறினால் தானாகவே அளவுக்கு வந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள், வண்டி வந்தது பெனோனியிலிருந்து. இந்தப் பக்கத்தில் சிலர் பெட்ரோல் மிச்சம் பிடிக்கவும் மேட்டு நிலத்துக்குத் தோதாகவும் ஊசியை, அதில் கிளிப் மாட்டுகிற பள்ளங்களில் ஒரு பள்ளம் இறக்கி வைப்பார்கள், இறக்கினால் பெட்ரோல் குறையும். நானே பத்து வண்டிக்காவது செய்திருக்கிறேன்.

ஆனால் ஊசிக்குப் போவதற்கு முன் காற்றுக் கசிவைத் தள்ளிவிட வேண்டும், அதுவும் இதே குணத்தைத்தான் காட்டும். கார்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள், கிளாம்ப் இறுக்கம், ஹெட்டில் திருகியிருக்கிற அந்தக் குழல் ஆடுகிறதா எல்லாம் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் விட்டு ஒவ்வொரு இணைப்பிலும் கார்ப் கிளீனர் ஒரு சொட்டு அடித்தால் ஆர்பிஎம் மாறுகிறதா பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட் குழாய் மேல் படாமல், பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு.

அப்புறம் டயஃப்ரம், அதாவது ஸ்லைடோடு சேர்ந்த ரப்பர் தோல். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு விரலால் ஸ்லைடைத் தூக்கி விடுங்கள். மெதுவாக இறங்கி டக் என்று உட்கார வேண்டும். தடாலென்று விழுந்தால் ரப்பரில் ஓட்டை, நடுவில் நின்றால் அழுக்கோ உரசலோ. சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற பாக்ஸர் வண்டியின் பெரிய வரமே இடம், வலம் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. சந்தேகம் வந்தால் இடதை வலதில் போட்டுப் பாருங்கள், நோயும் கூடவே போனால் குற்றவாளி கையில் இருக்கிறது.

மலைச்சாலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஒரே நாளில் ரப்பர், ஊசி, ஜெட் எல்லாம் மாற்றிவிட்டால் நேரம் மிச்சம்தானே ஐயா? எப்படியும் திறக்கிறோம்.

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

வேண்டாம். நாலை ஒன்றாக மாற்றி வண்டி சரியாகிவிட்டால் எது காரணம் என்று தெரியாது, மோசமாகிவிட்டால் எதைத் திருப்புவது என்றும் தெரியாது. ஒன்று மாற்று, ஃபீல்ட்ஸ் ஹில் ஏறு, எழுது. அந்த மேடு ஓடிப்போகாது.

கடற்கரை80, டர்பன்

ரப்பர் குழாய் இரண்டும் வளைத்தால் மேல் தோலில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது, உள்ளே போகவில்லை. கிளீனர் அடித்தேன், ஆர்பிஎம் அசையவில்லை. கசிவு இல்லை என்று முடிவு செய்தேன்.

ஸ்லைடு இரண்டும் மெதுவாக இறங்கின, ஒரே மாதிரி டக் சத்தம். மூடியைத் திறந்து டயஃப்ரத்தை வெளியே எடுத்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுத்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவு வெளிச்சம்கூட வரவில்லை. நாற்பது வருடத்தை நெருங்குகிற ரப்பர் இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, முன்னால் யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

ஊசி: இரண்டு பக்கமும் கையேட்டில் சொன்ன இடத்துக்கு ஒரு பள்ளம் கீழே! ஐயா சொன்னது அப்படியே. இடது ஊசியின் பழைய பள்ளத்தில் கிளிப் உட்கார்ந்த வளையம் பளபளவென்று இருக்கிறது, இப்போது இருக்கிற பள்ளத்தில் அவ்வளவு தேய்மானம் இல்லை. அதாவது வண்டி ரொம்ப வருடம் சரியான இடத்தில் ஓடியிருக்கிறது, கடைசிக் காலத்தில்தான் யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

இப்போதே ஏற்றிவிடலாமா?

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

ஒரு நிமிடம். ஊசியை எதற்காக இறக்கினார்கள் என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். உயரத்துக்காக இருந்தால் சரி. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. ஊசி ஆடி ஆடி, அது நுழைகிற நீடில் ஜெட்டின் துளையை முட்டை வடிவமாகத் தேய்த்துவிடும், அப்போது நடு ஓட்டத்தில் பெட்ரோல் கொட்டும், அதை மறைக்க ஊசியை இறக்கியிருப்பார்கள். நீடில் ஜெட்டைக் கழற்றி, லென்ஸ் வைத்து, வெளிச்சத்தில் துளை வட்டமா என்று பாருங்கள். ஜெட்டைத் தாங்குகிற குழலின் ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள், அது கெட்டால் துளையைத் தாண்டி ஓரமாகப் பெட்ரோல் நழுவும். விலை மிகக் குறைவு. ஃப்ளோட்டையும் கையில் எடுத்துப் பாருங்கள், பழைய ஃப்ளோட் பெட்ரோலைக் குடித்து கனத்துப்போய்க் கிண்ணத்தில் மட்டம் ஏறிவிடும். இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்தால் ஒன்று கனமாக இருந்தால் தெரிந்துவிடும்.

கடற்கரை80, டர்பன்

துளை வட்டமாகத்தான் இருக்கிறது. ஃப்ளோட் இரண்டும் தராசில் ஒரே எடை. ஓ-ரிங் இரண்டும் அழுத்தினால் உடைகிற பதத்தில் இருந்தன, மாற்றிவிட்டேன். அதை மட்டும் மாற்றி ஒரு நாள் ஓட்டினேன், சோர்வில் மாற்றமில்லை. அடுத்த நாள் ஊசியை ஒரு பள்ளம் ஏற்றினேன், இரண்டு பக்கமும்.

ஃபீல்ட்ஸ் ஹில், ஐந்தாவது கியர், விடியற்காலை, வண்டி இன்னும் முழுசாகச் சூடாகாத நேரம். முறுக்கினேன், ஏறியது. பெரிய குழி போய்விட்டது. நாலாவதிலும் போய்விட்டது. எட்டு மாதம் என்னை அலைக்கழித்தது ஊசியில் ஒரே ஒரு பள்ளம்.

ஆனால் முடியவில்லை. இப்போது பெரியது போனதால் சின்னது ஒன்று தெரிகிறது. 2500-லிருந்து 3500 வரை ஒரு சோம்பல். மூன்றாவது கியரானாலும் ஐந்தானாலும், மேடானாலும் உம்லாங்கா சமதளமானாலும் டாக்கோவில் அதே இடம். சோக் இழுத்தால் இன்னும் மோசமாகிறது. அன்று வேன் ரீனனிலும் இது இருந்திருக்க வேண்டும், நான் அதை உயரத்தின் தலையில் போட்டுவிட்டேன்.

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

இப்போது ஆர்பிஎம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். கார்ப்பை மூடி வையுங்கள், இனி அதைத் தொட வேண்டாம். இது இக்னிஷன் அட்வான்ஸ்.

உங்கள் வண்டியில் பாயின்ட் (பழைய வண்டிகளில் பொறிக்காக மின்சாரத்தை வெட்டுகிற தொடுமுனை) கிடையாது, முன்மூடிக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா இருக்கிறது, அதற்குள் காந்தத்தை வைத்துச் சுழற்சியை உணர்கிற ஹால் சென்சாரும் அட்வான்ஸ் எடைகளும். ஆர்பிஎம் ஏற ஏற எடைகள் விரிந்து பொறியை முன்கூட்டியே விழச் செய்யும். ஃப்ளைவீலில் எஸ் குறி ஐடிலிங்குக்கு, டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 6 டிகிரி முன்னால். எஃப் குறி முழு அட்வான்ஸ், 32 டிகிரி. 3000 பக்கத்தில் எஃப் வந்துவிட வேண்டும். பல வருடம் நின்ற வண்டியில் உள்ளே இருக்கிற கிரீஸ் இறுகி எடைகள் சோம்பேறித்தனமாக விரியும். அந்த நேரத்தில் பொறி தாமதம், இழுவை இருக்காது. மேலே போனதும் ஒரு வழியாக விரிந்துவிடும், உடனே பாயும். நீங்கள் முதல் நாள் எழுதின 4500 பாய்ச்சலில் இதன் பங்கும் இருந்திருக்கிறது.

டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னுகிற விளக்கு) வைத்து இடது பக்கத்து ஜன்னல் துளையில் ரப்பர் மூடியை எடுத்துப் பாருங்கள். மெதுவாக ஏற்றுங்கள், எஃப் எப்போது வருகிறது, கையை விட்டதும் எஸ் உடனே திரும்புகிறதா, இரண்டும் முக்கியம். பின்னது நிறையப் பேர் பார்ப்பதில்லை.

இரண்டு எச்சரிக்கை. பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டு இஞ்சினைச் சுழற்றாதீர்கள், எலக்ட்ரானிக் இக்னிஷன் பாழாகும், பிளக்கை ஹெட்டோடு தொட வைத்துத்தான் செய்ய வேண்டும். முன்மூடியைத் திறப்பதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் தொடாதீர்கள், மூடி உள்ளே இருக்கிற டயோடு பலகை முனையில் உரசினால் ஒரு நொடியில் போய்விடும். எத்தனையோ பேர் பத்து நிமிட வேலைக்காக அதைக் கருக்கியிருக்கிறார்கள்.

கடற்கரை80, டர்பன்

நேற்று இரவு மின்வெட்டு, தெரு முழுக்க இருட்டு, டைமிங் லைட்டுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வண்டி பேட்டரியிலேயே விளக்கை மாட்டினேன். மகள் டாக்கோவைப் பார்த்து எண்ணைச் சொன்னாள், நான் குனிந்து துளையில் கண்ணை வைத்தேன்.

1000-ல் எஸ் சரியாக நடுவில் நிற்கிறது. 2000: எஸ் கிளம்பவே மனமில்லாமல் நகர்கிறது. 3000: எஃப் இன்னும் வரவில்லை. 3700-ல் எஃப் எட்டிப் பார்க்கிறது, துளையின் ஓரத்தில் நடுங்குகிறது, பிறகு ஒரே குதியில் நடுவுக்கு வருகிறது. கையை விட்டேன். ஆர்பிஎம் 1000-க்கு வந்து மூன்று நான்கு நொடி கழித்துத்தான் எஸ் திரும்பியது. நாலு தடவை செய்தோம், நாலும் அப்படியே.

மலைச்சாலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

படிக்கும்போதே தெரிகிறது, இறுகின கதவுக் கீல் போல. டப்பாவை அப்படியே புதுசாக வாங்கிப் போட்டால் என்ன?

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள். சென்சார் நன்றாக வேலை செய்கிறது, எடைகள்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுத்தம் போதும்.

டப்பா உடலிலும் இஞ்சினிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு கிழித்துக்கொண்டு வெளியே எடுங்கள், அதே கோட்டில் திரும்ப வைத்தால் டைமிங் தொலையாது. ஓட்டுகிற முளையின் சின்னக் குச்சியை மெல்லத் தட்டி எடுத்தால் உள்ளே திறக்கலாம். சென்சாரிலிருந்து வருகிற வயரைக் கூர்ந்து பாருங்கள், இந்த வயதில் அதன் மேல் தோல் வறட்டி போல உடையும். உடைந்திருந்தால் இப்போதே சுருக்கு ரப்பர் (சூட்டில் சுருங்குகிற உறை) போட்டுவிடுங்கள், பிறகு மழையில் வழியில் நிற்பீர்கள். கழுவிய பிறகு எடையின் அச்சுக்கு இரண்டே சொட்டு மெல்லிய ஆயில். கிரீஸ் வேண்டாம், அதுதான் இந்த நிலைக்குக் கொண்டு வந்தது. டப்பாவின் ஓ-ரிங் புதுசு போடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் உள்ளே வரும்.

கடற்கரை80, டர்பன்

முடிந்தது. திறந்தபோது உள்ளே இருந்த கிரீஸ் முற்றிப்போன வெல்லப்பாகு நிறம், குண்டூசியால் குத்தினால் சில்லாக உடைந்தது. ஒரு எடையை விரலால் தள்ளினேன், தள்ளின இடத்திலேயே நின்றது, ஸ்பிரிங் அதை இழுக்க முடியவில்லை. கழுவி, ஆயில் விட்டு, மறுபடி தள்ளினேன், விரலை எடுத்ததும் டிக் என்று திரும்பியது. வயர் ஒரு இடத்தில் தோல் விட்டிருந்தது, சுருக்கு ரப்பர் போட்டேன்.

டைமிங் லைட்டில் இப்போது 3000-க்குச் சற்று முன்னாலேயே எஃப் வந்து நிற்கிறது, கையை விட்டால் எஸ் உடனே. ஞாயிறு காலை ஃபீல்ட்ஸ் ஹில் ஐந்தாவது கியரில் 2500-லிருந்து முறுக்கினேன், மேல் வரைக்கும் ஒரே இழுப்பாக ஏறியது, திருப்பி இறங்கி மறுபடி ஏறினேன். செலவு மூன்று ஓ-ரிங், ஒரு துண்டு சுருக்கு ரப்பர், கார்ப் கிளீனர் ஒரு டப்பா. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

டிசம்பரில் லெனேசியா வருகிறோம், அக்கா வீட்டில் ஒரு வாரம். அங்கே 1600 மீட்டர், ஊசி இப்போது கடற்கரை அளவில் இருக்கிறது. ஹாரிஸ்மித்திலேயே நிறுத்தி ஒரு பள்ளம் இறக்கிவிடட்டுமா?

க்யூர்பீப்125, மொரிஷியஸ்

அண்ணே, உங்கள் சோதனையை என் வண்டியிலும் செய்தேன், ஒரே ஆர்பிஎம் இரண்டு சுமை. சைலன்சர் சுத்தம் செய்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அது சுமையோடுதான் போகிறது. சோக் இழுத்தால் திணறுகிறது, மேலே க்யூர்பீப்பில் மோசம், கீழே போர்ட் லூயியில் தேவலை. அப்போது எனக்குப் பெட்ரோல் கூடுதல், ஊசியை இறக்க வேண்டும், சரியா ஐயா?

ரீஃப்_ஃபிட்டர், லெனேசியா

க்யூர்பீப் தம்பி, திசை சரி, ஆனால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நுரை ஃபில்டர் அழுக்காகி அடைத்திருந்தாலும் இதே குணம்தான். அது சுத்தமாக இருந்து, ஊசியும் ஜெட்டும் தேயாமல் இருந்தால் மட்டும் ஒரு பள்ளம் இறக்குங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதனால் ஒரு பள்ளத்துக்கு மேல் இறக்கவே வேண்டாம். இறக்கின பிறகு போர்ட் லூயியில், கீழே, முழு முறுக்கில் நீண்ட நேரம் ஓட்டிச் சோதிக்காதீர்கள்.

கடற்கரைத் தம்பி, ஒரு வாரத்துக்காக ஊசியைத் தொட வேண்டாம். இங்கே கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், காலையில் சோக் தேவைப்படாது, அவ்வளவுதான். வரும்போது கழற்றி எடுத்த அந்தப் பழைய ஓ-ரிங்குகளைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள், எங்கள் தெருப் பையன்களுக்குக் காட்ட வேண்டும். டைமிங் லைட்டும் எடுத்து வாருங்கள். என்னுடையது போன மாதம் பழுதாகிவிட்டது, இங்கே ஒரு ஆர்100 வண்டி இதே சோம்பலோடு என் கராஜில் நிற்கிறது.